நீரிட்ட தாழ்

நுழையும்முன்

நிலத்தை ஐந்திணைகளாகப் பகுத்த தமிழர், நீரும் மண்ணும் கலந்து கிடக்கும் இடங்களை அள்ளல், அளறு, சேறு, கழி, பழனம் எனப் பல பெயர்களால் வழங்கினர். அச்சேற்றுக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உலகம் இயங்குகிறது. வீழ்ந்த இலை மண்ணாக வேண்டுமா, அப்படியே தங்க வேண்டுமா என்பதை அங்கு வாழும் பூஞ்சைகளும், அவை சுரக்கும் நொதிகளும், நீரின் அளவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அம்முடிவு நம் மீன்வளத்தோடும் புவியின் காலநிலையோடும் எவ்வாறு தொடர்புகொண்டுள்ளது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மக்காத இலை

தோட்டத்தில் குழி தோண்டி இலைதழைகளை இட்டு மூடினால், சில மாதங்களில் அவை மக்கி எருவாகின்றன. இலையின் வடிவமும் நரம்பும் மறைந்து, கையில் எடுத்தால் உதிரும் கரிய மண்ணே எஞ்சுகிறது. இஃது உழவர் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால், எல்லா நிலத்திலும் இவ்வாறு நிகழ்வதில்லை.

நீலகிரி மலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே சதுப்பு நிலங்கள் உள்ளன. அங்குள்ள மண் கறுத்து, நீர் நிறைந்த பஞ்சுபோல் இருக்கும். அது முழுமையாக மக்காத புல், வேர், இலை ஆகியவற்றின் திரட்சி. இதனை முற்றாநிலக்கரி என்பர்; 'பீட்' என்னும் பெயரும் வழக்கில் உண்டு. ஆண்டுதோறும் வளர்ந்து மடியும் செடிகளின் எச்சம், முந்தைய ஆண்டின் எச்சத்தின்மேல் படிந்துகொண்டே வருகிறது. எனவே, ஆழத்திற்குச் செல்லச் செல்லக் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறோம்.

1993ஆம் ஆண்டில் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் இம்மண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 20,000 ஆண்டுக் காலநிலையை எடுத்துரைத்தது. காட்டு மரங்களும், வறண்ட வெம்மையைத் தாங்கும் புற்களும் காற்றிலுள்ள கார்பனை ஒரே விகிதத்தில் ஏற்பதில்லை. அவ்வேறுபாடு மண்ணில் பதிந்திருந்தது. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன்பு இம்மலைப்பகுதி வறட்சியுற்றிருந்ததையும், 11,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுப்பெற்றதையும் அவர்கள் அதிலிருந்து கண்டறிந்தனர். எழுத்து தோன்றுவதற்கு முன்பே இயற்கை எழுதிவைத்த ஏடு அது.

அந்த ஏடு செல்லரிக்காமல் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் எவ்வாறு தங்கியது? தோட்டத்துக் குழியில் சில மாதங்களில் முடிந்த செயல், இங்கு ஏன் நிகழவில்லை? இதற்கு விடை காண, மக்கச்செய்யும் தொழிலை மேற்கொள்ளும் உயிரை முதலில் அறிதல் வேண்டும்.

செரித்தபின் உண்ணும் உயிர்

பூஞ்சை தாவரமும் அன்று, விலங்கும் அன்று. அதற்குப் பச்சையம் இல்லாமையால் தானே உணவு ஆக்க இயலாது. வாயும் வயிறும் இல்லாமையால் உணவை விழுங்கவும் இயலாது. மண்ணுக்குள் அது மெல்லிய இழைகளாகப் பரவுகிறது. அவ்விழைகள் மனிதத் தலைமுடியினும் பல மடங்கு மெல்லியவை. மழைக்குப்பின் நாம் காணும் காளான், மண்ணுக்குள் பரந்திருக்கும் இழைப்பின்னலின் கனி போன்ற ஓர் உறுப்பேயாகும். பெரும்பாலான பூஞ்சைகள் காளானாக வெளிப்படாமலேயே வாழ்ந்து முடிகின்றன.

உண்டபின் செரிப்பது நம் இயல்பு. செரித்தபின் உண்பது பூஞ்சையின் இயல்பு. இழையின் நுனி, மடிந்த இலையைத் தொட்டவுடன் நொதிகளை வெளியே சுரக்கிறது. நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். அது இலையின் பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. நீரில் கரைந்த அத்துண்டுகளை இழை உறிஞ்சிக்கொள்கிறது. பூஞ்சைக்கு வயிறு என ஒன்று உண்டென்றால், அது பூஞ்சைக்கு வெளியே, மண்ணில் இருக்கிறது. மண்ணின் தன்மை மாறினால் பூஞ்சையின் செரிமானமும் மாறுவதற்கு இதுவே காரணம்.

தெரிந்து தெளிவோம்

காளானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆம்பி. சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்த காட்சியைப் புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் காட்டுகிறார். வறுமையைச் சொல்ல வந்த அக்காட்சியில் ஓர் உயிரியல் உண்மையும் உள்ளது. நெருப்பும் உலர்வும் நீங்கி ஈரம் தங்கினால், மடிந்த பொருளின்மீது பூஞ்சை தன் தொழிலைத் தொடங்கிவிடுகிறது.

இருவகை நொதிகள்

தாவர உடலைக் கட்டியெழுப்பும் பொருள்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று செல்லுலோஸ், மற்றொன்று லிக்னின். பருத்தி நூல் ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸே. சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொருள் அது. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். செங்கற்களுக்கு இடையில் பூசிய சாந்துபோல அது செல்லுலோஸ் இழைகளைச் சூழ்ந்து இறுக்குகிறது. அதன் கட்டமைப்பு ஒழுங்கற்றதாகையால் அதனைச் சிதைப்பது எளிதன்று. அவ்வாற்றலை முழுமையாகப் பெற்ற உயிர்கள் மிகச் சில; அவற்றுள் தலைமையானவை பூஞ்சைகள்.

இவ்விரு பொருள்களுக்கும் ஏற்ப நொதிகளும் இருவகைப்படும்.

முதல்வகை, ஆக்சிஜனேற்ற நொதிகள். லாக்கேஸ், பெராக்சிடேஸ் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. லிக்னினையும் அதனையொத்த ஃபீனால் சேர்மங்களையும் சிதைப்பவை இவையே. 1883ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலாளர் ஹிகோரோகுரோ யோஷிடா, அரக்கு மரத்தின் பாலில் லாக்கேசின் செயலைக் கண்டறிந்தார். பின்னர்ப் பூஞ்சைகளிலும் அது கண்டறியப்பட்டது. லாக்கேஸ் இயங்க வேண்டுமெனில் ஆக்சிஜன் இன்றியமையாதது.

இரண்டாம் வகை, நீராற்பகுப்பு நொதிகள். நீர் மூலக்கூற்றின் துணைகொண்டு பிணைப்புகளை வெட்டுபவை இவை. செல்லுலோசைச் சிதைக்கும் செல்லுலேஸ், கைட்டினைச் சிதைக்கும் கைட்டினேஸ், மண்ணிலுள்ள பாஸ்பரசைப் பிரித்துத்தரும் பாஸ்பட்டேஸ் ஆகியன இவ்வகையின. இவற்றின் வினைக்கு ஆக்சிஜன் தேவையில்லை.

தெரியுமா?

இரண்டாம் உலகப்போரின்போது, பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் விரைந்து நைந்தன. அத்துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை, செல்லுலேஸ் நொதியை மிகுதியாகச் சுரப்பது அறியப்பட்டது. அதனை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பாரின் பெயரால் அது 'டிரைக்கோடெர்மா ரீசி' எனப்படுகிறது. இன்று அந்நொதி, ஜீன்ஸ் துணிக்கு மென்மையூட்டவும், சலவைத்தூளில் சேர்க்கவும், வைக்கோல் போன்ற வேளாண் கழிவிலிருந்து எரிபொருள் உருவாக்கவும் பயன்படுகிறது.

நீர் இடும் தாழ்

மண் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகளில் காற்று நிறைந்திருக்கும்வரை ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. அத்துளைகளை நீர் நிரப்பிவிட்டால் நிலை மாறுகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மேற்பரப்பிலிருந்து வரும் சிறிதளவு ஆக்சிஜனையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் உடனே பயன்படுத்திவிடுகின்றன. அதனால், நீர் தேங்கிய மண்ணில் சில மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கீழே ஆக்சிஜன் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆக்சிஜன் இல்லையெனில் முதல்வகை நொதிகள் ஓய்ந்துவிடும் என்பது எளிதில் விளங்கும். ஆயின், இரண்டாம் வகை நொதிகள் இயங்கலாமே? செல்லுலோஸ் மட்டுமேனும் மக்க வேண்டுமே? சதுப்பில் அதுவும் மிக மெதுவாகவே நடைபெறுகிறது. இப்புதிருக்கு வேல்சு நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமன் குழுவினர், 2001ஆம் ஆண்டில் ஒரு விடை தந்தனர்.

முதல்வகை நொதிகள் ஓய்ந்தவுடன், அவை அழிக்க வேண்டிய ஃபீனால் சேர்மங்கள் அழியாமல் மண்ணில் குவிகின்றன. அச்சேர்மங்கள் நீராற்பகுப்பு நொதிகளின் செயலை ஒடுக்குகின்றன. ஆக, ஆக்சிஜன் இன்மை முதல்வகையை நேரடியாக நிறுத்துகிறது. முதல்வகை நின்றதால் இரண்டாம் வகையும் கட்டுண்கிறது. ஒரு நொதி நின்றதால் மற்ற நொதிகள் அனைத்தும் அடைபட்ட இந்நிலையை அவர்கள் 'நொதித் தாழ்' என்னும் பொருள்படக் குறிப்பிட்டனர். மலைச்சதுப்பின் குளிரும் அமிலத்தன்மையும் அத்தாழுக்கு மேலும் வலுவூட்டுகின்றன.

இச்செய்தி நமக்கு முற்றிலும் புதியதன்று. பச்சைத்தோலைப் பதப்படுத்துவோர் ஆவாரம்பட்டைச் சாற்றில் அதனை ஊறவைப்பர். பட்டையிலுள்ள டானின் என்னும் ஃபீனால் சேர்மம் தோலின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால் தோல் அழுகுவதில்லை. நொதியும் ஒரு புரதமே. தோல் தொட்டியில் நடப்பதையொத்த பிணைப்பே சதுப்பு மண்ணில் நொதிகளுக்கும் நேர்கிறது.

தெரியுமா?

1950ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் முற்றாநிலக்கரி வெட்டியோர் ஒரு மனித உடலைக் கண்டனர். முகத்தின் சுருக்கங்களும் தாடையின் குறுமயிரும் தெளிவாக இருந்தமையால், அண்மையில் நிகழ்ந்த கொலையெனக் கருதிக் காவல்துறைக்குத் தெரிவித்தனர். ஆய்வில் அவ்வுடல் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழைமையானது எனத் தெரியவந்தது. 'டோலுண்ட் மனிதர்' எனப்படும் அவருடைய உடல், சதுப்பின் அமில நீரில் தோல்போலப் பதப்பட்டிருந்தது.

கழிமுகத்தின் வேறொரு கணக்கு

இதுவரை கண்டது, ஆண்டு முழுவதும் நீர் நிலையாகத் தேங்கிய மலைச்சதுப்பு. எல்லா ஈரநிலமும் அத்தகையதன்று. கடலோரக் கழியில் நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அங்குப் பூஞ்சையின் தொழிலும் வேறுபடுகிறது.

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் பிச்சாவரம் அலையாத்திக்காடு அமைந்துள்ளது. கண்டல், சுரபுன்னை, தில்லை முதலிய மரங்கள் அங்குச் செழித்துள்ளன. தில்லை மரமே சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது. இம்மரங்களின் இலைகள் உதிர்ந்து கழிநீரில் வீழ்கின்றன. பச்சையாக வீழ்ந்த இலையில் டானின் மிகுதி, புரதம் குறைவு. ஆகவே, பல உயிர்கள் அதனை அப்படியே உண்ண விரும்புவதில்லை.

ஓதத்தின் ஏற்ற இறக்கம் அவ்விலையைக் கழுவிக் கழுவி டானினை வெளியேற்றுகிறது. நீர் இறங்கும்போதெல்லாம் காற்று தொடுகிறது, ஆக்சிஜன் கிடைக்கிறது. தாழ் விலகுகிறது. பூஞ்சைகளும் அவற்றையொத்த நுண்ணுயிர்களும் இலையில் குடியேறி, நொதிகளைச் சுரந்து, அதனை மென்மையாக்குகின்றன. தம் உடலையே அதில் பெருக்குவதால் இலையின் புரத அளவும் உயர்கிறது. அதன்பின் நண்டும் இறால் குஞ்சும் அவ்விலைத்துணுக்கை நாடி வருகின்றன. அவற்றைத் தேடி மீன்கள் வருகின்றன. வலை வீசும் மீனவரின் வாழ்வு, கண்ணுக்குத் தெரியாத அந்நொதிகளிடமிருந்து தொடங்குகிறது.

அதே காட்டின் சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் அரிது. அங்குப் புதையும் வேர்களும் மரத்துண்டுகளும் மெதுவாகவே மக்குகின்றன. மேற்பரப்பில் உணவாக மாறும் பொருள், ஆழத்தில் கார்பன் வைப்பாக மாறுகிறது. ஒரே நிலம் உண்ணவும் கொடுக்கிறது, சேமித்தும் வைக்கிறது. இவ்விரண்டையும் பகுத்து நடத்துவது நீரின் வரவும் போக்கும் ஆகும்.

ஓடும் நீரில் வாழவும் பூஞ்சைகள் கற்றுக்கொண்டுள்ளன. 1942ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஓர் ஓடையில் மக்கிய ஆல்டர் இலைகளை ஆராய்ந்த சி. டி. இங்கோல்ட், நான்கு கைகள் கொண்ட விந்தையான பூஞ்சை வித்துகளை விளக்கினார். நீரோட்டத்தில் அடித்துச்செல்லப்படும் வித்து, தன் கைகளால் இலையைப் பற்றிக்கொள்கிறது. இவ்வித்துகள் உருவாகும் ஹைஃபோமைசீட்ஸ் என்னும் பெரும்பிரிவின் இந்தியச் சிற்றினங்களைத் தொகுத்து, 1971ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் அறிஞர் சி. வி. சுப்பிரமணியன்.

தாழ் திறந்தால்

ஈரநிலத்தைப் பயனற்ற நிலமென எண்ணி, வாய்க்கால் வெட்டி நீரை வடித்தல் உலகெங்கும் நெடுங்காலமாக நிகழ்ந்துவருகிறது. நீர் இறங்கினால் காற்று புகுகிறது. ஆக்சிஜன் வந்தவுடன் முதல்வகை நொதிகள் விழித்தெழுகின்றன. ஃபீனால் சேர்மங்கள் குறையக் குறைய இரண்டாம் வகை நொதிகளும் விடுதலை பெறுகின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் சேர்ந்த கார்பன், கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் கலக்கத் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்சயர் மாவட்டத்தில் உள்ள ஹோம் என்னும் சதுப்பு நிலப்பகுதி இதற்குக் கண்கூடான சான்று. 1851ஆம் ஆண்டளவில் அங்கிருந்த ஏரியின் நீரை வடித்தபோது, ஓர் இரும்புத் தூணை நிலத்தில் இறக்கி, அதன் உச்சி தரைமட்டத்தில் இருக்குமாறு நிறுத்தினர். இன்று அத்தூண் தரைக்குமேல் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம் நிற்கிறது. தூண் வளரவில்லை; நிலம் தாழ்ந்துவிட்டது. நீரிழந்த மண் சுருங்கியதும், அதிலிருந்த கரிமப்பொருள் சிதைந்து காற்றில் கலந்ததும் இதற்குக் காரணங்கள். முற்றாநிலக்கரி பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. ஒரு மீட்டர் மண் சேர ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். அதனை இழக்கச் சில தலைமுறைகள் போதும்.

வெப்பமண்டலத்தில் இழப்பு இன்னும் விரைவானது. இந்தோனேசியாவின் மத்திய களிமந்தானில் நெல் விளைவிக்கும் நோக்குடன் 1996ஆம் ஆண்டில் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 10 இலட்சம் எக்டேர் சதுப்புப்பகுதியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை. 1997ஆம் ஆண்டின் வறட்சியில், உலர்ந்த மண்ணே தீப்பற்றி எரிந்தது. அவ்வாண்டில் இந்தோனேசியச் சதுப்புத் தீயினால் வெளிப்பட்ட கார்பன், அன்று உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை ஓராண்டு எரித்ததால் வெளிப்பட்ட அளவில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும் என 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

முற்றாநிலக்கரி நிலங்கள் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே. எனினும், உலகக் காடுகள் அனைத்தும் தம் மரஞ்செடிகளில் சேர்த்துவைத்துள்ள கார்பனைவிட மிகுதியானதை அவை தம்முள் கொண்டுள்ளன. நீரில்லாச் சதுப்பு, திறந்துகிடக்கும் கருவூலத்தை ஒக்கும்.

நாம் காக்க வேண்டியது

நீலகிரிக்குத் திரும்புவோம். பள்ளத்தாக்குச் சதுப்புகள் பல, வடிகால் வெட்டப்பட்டுக் காய்கறித் தோட்டங்களாகவும் பிற பயிர் நிலங்களாகவும் மாறியுள்ளன. அங்கு இழக்கப்படுவது கார்பன் மட்டுமன்று. மழைக்காலத்து நீரைப் பஞ்சுபோல் ஏந்திக் கோடையில் ஓடைகளுக்கு விடுக்கும் ஆற்றலும் இழக்கப்படுகிறது. தோடர்கள் தம் கோவில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில் வளர்வது. நீர் வற்றினால் அப்புல்லும் அரிதாகிறது. 20,000 ஆண்டுப் பருவமழை வரலாற்றைத் தாங்கிய ஏடும் அடுக்கடுக்காக மறைகிறது. எரிந்த சுவடிக்காவது எங்கேனும் படி ஒன்று கிடைக்கலாம். இவ்வேட்டுக்குப் படி இல்லை.

இது நிலத்தைத் திருத்தி உண்டவர்மீது சுமத்தும் பழியன்று. வயிற்றுக்கு உணவு வேண்டியே அவர்கள் மண்ணைக் கொத்தினர். சேற்றுக்குள் இத்தகைய தாழ் ஒன்று இருப்பதை அறிவியலே மிக அண்மையில்தான் உணர்ந்தது. உணர்ந்தபின் செய்ய வேண்டியது தெளிவானது. எஞ்சிய சதுப்புகளின் நீரை வடிக்காதிருத்தல், வடித்தவற்றில் வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை மீண்டும் உயர்த்துதல், அந்நிலத்தை நம்பி வாழ்வோருக்கு மாற்று வழி காணல் ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை, 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவானது. அந்நாளே உலக ஈரநில நாளாகப் போற்றப்படுகிறது. பிச்சாவரமும் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பும் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் ஒரு தொடக்கமே. நீர் நின்றால்தான் தாழ் நிற்கும். தாழ் நின்றால்தான் சேமிப்பு நிலைக்கும்.

மக்குதல் தீமையன்று, மக்காமை நன்மையுமன்று. தோட்டத்துக் குழியில் இலை மக்கியாக வேண்டும். கழிமுகத்தில் அது மீனுக்கு உணவாக வேண்டும். மலைச்சதுப்பில் அது அப்படியே உறங்க வேண்டும். எந்த நிலத்தில் எது நிகழ வேண்டும் என்பதை நீரைக்கொண்டு இயற்கை வகுத்துள்ளது. அந்நீரின் அளவை அறிந்து நடப்பதே நிலத்தை அறிந்து நடத்தலாகும்.

கலைச்சொல் விளக்கம்

நொதி – உயிர்களின் உடலில் உருவாகி, வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
பூஞ்சை இழை – பூஞ்சையின் உடலாக அமைந்து பரவும் மெல்லிய நூல் போன்ற பகுதி
லிக்னின் – மரத்துக்கு உறுதி தரும், எளிதில் சிதையாத பொருள்
முற்றாநிலக்கரி – நீர் தேங்கிய இடத்தில் முழுமையாக மக்காமல் திரண்ட தாவர எச்சம்
டானின் – தாவரப் பட்டையிலும் இலையிலும் உள்ள துவர்ப்புச் சேர்மம்
ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்

கற்பவை கற்றபின்...

1. ஒரே மரத்தின் காய்ந்த இலைகளைச் சம அளவில் எடுத்து, ஈரமான தோட்ட மண்ணிலும், நீர் தேங்கிய வாளிச் சேற்றிலும் புதைத்துவைக்க. இரண்டு மாதங்களுக்குப்பின் எடுத்து ஒப்பிட்டு, கண்ட வேறுபாடுகளை எழுதி வகுப்பில் படிக்க.
2. உங்கள் ஊரிலுள்ள ஏரி, குளம், கழி, சதுப்பு ஆகியவற்றுள் ஒன்றன் பழைய பரப்பையும் இன்றைய பரப்பையும் முதியோரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.
3. சேற்றையும் ஈரநிலத்தையும் குறிக்க உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. 'செரித்தபின் உண்பது பூஞ்சையின் இயல்பு' – விளக்குக.
2. லாக்கேஸ் நொதி இயங்க இன்றியமையாதது எது?
3. ஹோம் சதுப்பிலுள்ள இரும்புத் தூண் உணர்த்தும் செய்தி யாது?

சிறுவினா

1. ஆக்சிஜன் தேவைப்படாத நீராற்பகுப்பு நொதிகளும் சதுப்பில் ஒடுங்குவது ஏன்?
2. தோல் பதப்படுத்துதலையும் சதுப்பு மண்ணின் செயலையும் ஒப்பிடுக.
3. பிச்சாவரத்தில் உதிர்ந்த இலை மீனவர் வாழ்வோடு தொடர்புறும் வகையை எழுதுக.

நெடுவினா

1. ஈரநிலத்தின் நீரை வடிப்பதால் நேரும் விளைவுகளை நீலகிரி, களிமந்தான் ஆகிய இடங்களைச் சான்றாகக் கொண்டு விவரிக்க.
2. 'மக்குதல் தீமையன்று, மக்காமை நன்மையுமன்று' – பாடக்கருத்துகளின் வழி நிறுவுக.